எனக்கு மட்டும் ஒரு பழைய வழி

ஏனுங்க, அந்தப் பக்கமாச் சித்த நகுந்து உக்காருங்க. எடம் பத்தாம இல்லீங்க. இந்தச் சட்டைப்பை நசுங்கக் கூடாது, அதுக்குத்தான். உள்ள ஒரு பென்டிரைவ் இருக்குது. கோயமுத்தூர்ல இருந்து இப்படியே கையை வெச்சுப் புடிச்சுட்டு வாரன். மதுரையில டீ குடிக்க எறங்கறப்பக்கூடக் கையை எடுக்கலை. கண்டக்டர் பாத்துப்போட்டு நெஞ்சு வலியான்னு கேட்டுட்டாரு.

நாகர்கோயில் போறனுங்க. நீங்க? வள்ளியூரா. அங்க என்ன பண்றீங்க? ஹார்டுவேர் கடையா? அட, பூட்டெல்லாம் விப்பீங்களா? அப்ப உங்களுக்குச் சொன்னாப் புரியும். எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னா, "அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லியிருக்குது"ங்கறா. இவளுக்கு என்ன தெரியும்? வெளி ஆளு ஒருத்தர்கிட்ட நியாயம் கேக்கோணும்னுதான் உங்களுக்கு முன்னால திருப்பூர் ஆளு ஒருத்தரு இங்க உக்காந்தப்பவே பாத்தன். அவரு ஏறுனதும் தூங்கிட்டாரு.

எம்பேரு தெய்வசிகாமணி. ஆபீஸ்ல மணியண்ணன்னு கூப்புடுவாங்க. தோட்டத்துக் கெணத்து மோட்டாரை ஊட்டுல இருந்துட்டே செல்போன்ல போடறதுக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி வருதில்லீங்க, அதுக்குள்ள ஓடற சாப்ட்வேர் எங்க கம்பெனி எழுதறது. மொதமொத எழுதுனது நான். அப்ப முதலாளி சென்னியப்பனும் நானும் மட்டும்தான் கம்பெனி. இன்னிக்கு ஒரு மாடி பூராவும் ஆளுங்க. எல்லாம் சின்னப் பசங்க, காதுல ஒன்னை மாட்டிட்டு உக்காந்திருக்கும். கூப்புட்டாக் கேக்காது.

எழுதற கோடெல்லாம் ஒரு சர்வர்ல இருக்கும்ங்க. எந்த வரியை யாரு மாத்துனாங்க, எப்ப மாத்துனாங்க, எல்லாத்தையும் அது ஞாபகம் வெச்சுக்கும். தப்பாப் போச்சுன்னா நேத்து இருந்ததை அப்படியே திருப்பி எடுத்துக்கலாம். வெர்ஷன் கண்ட்ரோல்ம்பாங்க. ஒவ்வொரு தடவை மாத்தி அனுப்பறப்பவும் என்ன காரணம்னு ஒரு குறிப்பு எழுதோணும். மத்தவங்க "பிழை திருத்தம்"னு எழுதிட்டுப் போயிருவாங்க. நான் அப்படியில்லீங்க, மனசுல பட்டதை எழுதுவன். "முதலாளி சொன்னதால மாத்துனது, எனக்கு இதுல சம்மதம் இல்லை" அப்படின்னு. நாளைக்கு மோட்டார் ஓடலைன்னா எவன் பதில் சொல்றது? அதுக்குத்தான்.

அந்த சர்வரைப் பாத்துக்கறதுக்கு வந்தவதான் ஷைனி. நாகர்கோயில் புள்ள. நல்ல புள்ளைங்க, அதைச் சொல்லித்தான் ஆகோணும். மத்ததெல்லாம் என்னையக் கண்டா பெரிய மனுசன்னு ஒரு கும்பிடு போட்டு ஒதுங்கிரும். இவ வந்த வாரமே, "சார், உங்க டிபன்ல என்னவாக்கும் வாசம்?"னு கேட்டு, எங்கூட்டுக்காரி செஞ்ச பருப்பு வடையில பாதியை எடுத்துட்டா. அதுல இருந்து எங்கூட்டுக்காரி வடையை ரெண்டு எச்சாவே வெச்சு விடறா. மத்தியானம் சாப்பாட்டுக்கு அவ என்ற மேசைக்கு வந்துருவா. எனக்கும் பேச ஒரு ஆளாச்சு.

ஆனா பூட்டுன்னு வந்துட்டா வேற ஆளுங்க.

மொதல்ல, பாஸ்வேர்டை அடிக்கடி மாத்தோணும்னா. நான் கம்பெனி ஆரம்பிச்ச அன்னிக்கு வெச்ச பாஸ்வேர்டைத்தான் வெச்சிருந்தன், அதுக்கு என்ன கேடு வந்துச்சு? மாத்தோணுமாம். அதுல பெரிய எழுத்து ஒன்னு, நம்பர் ஒன்னு, அந்தக் கட்டம் போட்ட குறி ஒன்னு இருக்கோணுமாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சரி, வெக்கறன்னுட்டு, அவளைத் திட்டியே வெச்சன். இங்கிலீஷ் எழுத்துல தமிழ். "ஷைனிக்கு வேற வேலையில்லை"ன்னு ஒருக்கா. "ஷைனிக்குப் பதில் சொல்லி மாளலை"ன்னு ஒருக்கா. நம்பரும் குறியும் கடைசியில ஒட்டிக்குவன். காலையில வந்ததும் அதை ஒருக்கா அடிச்சாத்தான் மனசு ஆறும். யாரு பாக்கப் போறா? பாஸ்வேர்டை அடிச்சா வெறும் புள்ளி புள்ளியாத்தானுங்க வரும். மத்தியானம் அவ வந்து வடை திம்பா, நான் ஒன்னும் சொல்ல மாட்டன்.

இப்படியே போயிட்டிருந்துச்சு. ஒரு திங்கக்கெழமை வந்து கோடை அனுப்புனா, சர்வர் எடுத்துக்க மாட்டேங்குது. "இந்த வழியில வரக் கூடாது"ங்குது. என்னையப் பாத்து. நான் பெத்து வளத்த கோடு அது உள்ள கெடக்குது.

போயி அவகிட்டக் கேட்டன். "சார், நான் மெயில் போட்டிருந்தேனே, பாக்கலியா?"ன்னா.

நான் மெயில் பாக்கறதில்லீங்க. முக்கியமான சங்கதின்னா ஆளு வந்து மேசைக்கிட்ட நின்னு சொல்லோணும். எங்க கம்பெனியில அதுதான் வழக்கம். அந்த வழக்கம் இப்ப என்கிட்ட மட்டும்தான் இருக்குதுங்கறது வேற விசயம்.

அவ சொன்னது இதுதானுங்க. இத்தன நாளு எங்க மெசினுக்கும் சர்வருக்கும் நடுவுல போறது வாரது எல்லாம் தொறந்தேதான் போயிட்டிருந்துச்சாம். வேணும்ங்கறவங்க பூட்டிக்கலாம், வேண்டாம்னா விட்டுக்கலாம். சர்வரோட புது வெர்ஷன்ல அதைத் திருப்பிப் போட்டுட்டாங்க. பூட்டுத்தான் வழக்கம், அதுவும் கெட்டியான பூட்டு. தொறந்து போறதையும், பழைய லொடக்குப் பூட்டையும் சர்வர் எடுத்துக்காது. என்ற மெசின் பழசு. அதுக்கு அந்தப் புதுப் பூட்டே தெரியாது.

"வேணும்ங்கறவங்க போட்டுக்கட்டும் அம்மிணி, எல்லாத்து கழுத்துலயும் எதுக்குக் கட்டறே?"ன்னு கேட்டன்.

"அப்படி விட்டா யாரும் போட மாட்டாங்க சார். உங்ககிட்ட எத்தன வாட்டி சொல்லியாச்சு, நீங்க போட்டீங்களா?"

"நமக்கு எதுக்குப் பூட்டு? நம்மகிட்ட என்ன நகையா இருக்குது? மோட்டார் போடறது, அமுத்தறது. அதை எவன் ஒட்டுக் கேட்டு என்ன பண்ணப் போறான்?"

"கேக்கறது மட்டும் இல்லியே சார். நடுவுல ஒருத்தன் இருந்து உங்க பேர்ல ஒரு வரியை மாத்தி அனுப்பிட்டான்னு வையுங்க. இருக்குற எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடும். கெணத்துல தண்ணி இல்லாம ஓடி எரியும். கேட்டா சர்வர் உங்க பேரைத்தான் காட்டும்."

இப்படி வாய்க்கு வாய் பேசுனா என்ன பண்றதுங்க? பயமுறுத்தறா பாருங்க. அவளே எனக்கு ஒரு புது லேப்டாப்பை வாங்கி ரெடி பண்ணி வெச்சிருந்தா. நான் தொடலை. என்ற பழைய மெசின்ல எந்த எழுத்து எங்க இருக்குதுன்னு கண்ணை மூடிட்டே அடிப்பன். அதை வுட்டுப்போட்டு, தட்டையா அப்பளமாட்ட ஒன்னைக் குடுத்து இதுல அடிங்கறா.

நேரா முதலாளிகிட்டப் போயிட்டன். "சென்னியப்பா, நான் வேணுமா, பூட்டு வேணுமா?"ன்னு கேட்டன். அவரு பாவம், ரெண்டும் வேணும்னாரு. அப்புறம் அவளைக் கூப்புட்டு, "மணியண்ணனுக்கு மட்டும் அந்தப் பழைய வழியை விட்டு வெச்சிரும்மா, அவரு இருக்கற வரைக்கும்"னாரு. இருக்கற வரைக்கும்னா என்ன அர்த்தம்ங்க? அதை நான் அப்பக் கவனிக்கலை.

அதுக்கு ஷைனி, "சரி சார். ஆனா இது வேண்டாம்னு நான் சொன்னேன், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க"ன்னுட்டுப் போயி விட்டு வெச்சா. மாடி பூராவும் பூட்டு, எனக்கு மட்டும் தொறந்த வழி. எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க? கோயில்ல தனி வாசல்ல விட்ட மாதிரி இருந்துச்சு. அந்த வாரம்தான் பாஸ்வேர்டை மாத்தற முறையும் வந்துச்சு. ஜெயிச்ச சந்தோசத்துல வெச்சன், "ஷைனி பெரிய இம்சை"ன்னு. கடைசியில ஏழாம் நம்பரு, ஒரு குறி.

அப்புறம்தானுங்க வடக்க இருந்து ஒரு பெரிய பம்ப் கம்பெனிக்காரங்க வந்தாங்க. எங்க பெட்டியை அவங்க பம்போட சேத்து விக்கறதாப் பேச்சு. அதுக்கு முன்னால எங்க கோடு பத்திரமா இருக்குதான்னு பாக்கோணுமாம். அதுக்குன்னு ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, வெஜிடபிள் பிரியாணியில இருந்து பீன்ஸை மட்டும் பொறுக்கித் தின்னுட்டிருந்தான். மீட்டிங் ரூம்ல அவன் கம்ப்யூட்டரை எங்க நெட்வொர்க்குல சொருகிப்போட்டு, பெரிய திரையில காட்டுனான். நடுவுல போறது எல்லாம் அதுல ஓடுது. எல்லாம் கிறுக்கல்ங்க. ஒரு எழுத்து புரியாது. அவனும் தலையை ஆட்டிட்டான், நல்லா இருக்குதுன்னு. முதலாளி மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். ஷைனி ஓரமா நின்னு லேசாச் சிரிச்சா.

அதோட விட்டிருக்கலாம். அவன், "யாராச்சும் எப்பவும் பண்ற வேலையைப் பண்ணிக் காட்டுங்க"ன்னான். ரூம்ல இருக்கற பசங்க ஒருத்தனை ஒருத்தன் பாக்கறானுக. இந்தக் கம்பெனியை உண்டாக்குனவன் நான் உக்காந்திருக்கறப்ப இவனுக எதுக்குன்னு, "நானே பண்றனுங்க"ன்னு எந்திரிச்சுட்டன்.

ஷைனி சட்டுன்னு, "சார், நீங்க வேண்டாம், நான் பண்றேன்"னா. பாருங்க, அங்கயும் என்னைய அமுக்கப் பாக்கறா. அப்படித்தான் நெனைச்சன். வீம்புக்கே வேகமாப் போயி என்ற பழைய மெசின்ல உக்காந்து, ஒரு வரியை மாத்தி, குறிப்பு எழுதி, பாஸ்வேர்டை அடிச்சு, அனுப்பிப்போட்டு, கைதட்டு கேக்குதான்னு திரும்பி வந்தன்.

எல்லாத்து கண்ணும் திரையிலதானுங்க இருக்குது.

திரையில அத்தன கிறுக்கலுக்கு நடுவுல, படிக்கற மாதிரி ஒரு நாலு வரி. எம்பேரு. அப்புறம் குறிப்பு, "வந்தவங்களுக்குக் காட்டறதுக்காகப் பண்ணுனது, இதுக்கு வேற அர்த்தம் ஒன்னும் இல்லை"ன்னு. அதுக்கு மேல பாஸ்வேர்டு. அந்த வடக்கத்திக்காரன் ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிக்கறான், "ஷைனி... பெரிய... இம்சை." அவனுக்கு அர்த்தம் தெரியலை. எங்க முதலாளியைப் பாத்து, "இம்சைன்னா, ஹிம்சாவா?"ன்னு கேட்டான். முதலாளி தண்ணி பாட்டிலை எடுத்துக் குடிக்க ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்லை. "ஷைனிங்கறது யாரு?"ன்னு அடுத்தது கேட்டான்.

"நான்தான் சார்"னு அவ கையைத் தூக்குனா.

என்னையத் திரும்பிப் பாக்கலைங்க. அவன்கிட்டத்தான் பேசுனா. "இது எங்க பழைய வழி சார். ஒருத்தருக்காக மட்டும் விட்டு வெச்சிருந்தோம். இப்பவே மூடிர்றேன்"னா. அங்கயே உக்காந்து மூடுனா. திரையில அந்த நாலு வரி அப்படியே நிக்குது. அதை எடுக்கோணும்னு ஒருத்தனுக்கும் தோணலை. பசங்க எல்லாம் கீழ குனிஞ்சுட்டானுக. சிரிக்கறானுகளா என்னன்னு தெரியலை. சிரிச்சிருந்தாத் தேவலை.

ஆர்டர் வந்துருச்சுங்க, அதுல ஒன்னும் கொறையில்லை. தப்பைப் பாத்த நிமிசமே மூடுனாங்க பாருன்னு அவங்களுக்கு ஷைனி மேல நம்பிக்கை வந்துருச்சாம். நான் போயி உக்காந்ததுனாலதானுங்க அவ மூடிக் காட்ட முடிஞ்சுது? அதை யாரும் சொல்லலை. அதையும் நான் கேக்கலை, விடுங்க.

அன்னிக்கு மத்தியானம் டிபனை எடுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தன். அவ வரலை. ஊட்டுக்குப் போனா, வடை அப்படியே இருக்குதேன்னு எங்கூட்டுக்காரி கேக்கறா. என்னன்னு சொல்றது? எனக்கும் சோறு எறங்கலைங்க. ஒரு பாஸ்வேர்டு, அது எனக்கும் மெசினுக்கும் நடுவுல இருக்கற பேச்சு. அதைத் திரையில போட்டுக் காட்டுனது அந்தக் கண்ணாடிக்காரன். அப்புறம் நான் எப்படித் தப்புப் பண்ணுனவன் ஆவன், நீங்களே சொல்லுங்க.

அடுத்த நாள் அந்தப் புது லேப்டாப்பை என்ற மேசையில வெச்சுட்டு, நின்னுட்டே சொல்லிக் குடுத்தா. எப்பவும் உக்காந்து பேசறவ. இதுல ரெண்டு இருக்குதாம்ங்க. ஒன்னு பூட்டு, ஒன்னு சாவி. ரெண்டையும் என்ற மெசினே உண்டாக்கும். சாவி என்கிட்டயே இருக்கோணும், யாருக்கும் குடுக்கக் கூடாது. பூட்டை மட்டும் அவகிட்டக் குடுத்தா, அவ சர்வர்ல மாட்டி வெப்பா. அதுக்கப்புறம் என்ற சாவி இருந்தாத்தான் அந்தப் பூட்டு தொறக்கும். சாவிக்கும் மேல ஒரு பாஸ்வேர்டு வெச்சுக்கோணும். "இந்த வாட்டி வார்த்தையா வேண்டாம், ஒரு வாக்கியமா வையுங்க சார், நீளமா. அது உங்க மெசினை விட்டு வெளிய போகாது. எனக்குக்கூடத் தெரியாது"ன்னா. எனக்குக்கூடன்னு ஒரு அழுத்தம் குடுத்தாப்புல இருந்துச்சு. எனக்குத்தான் அப்படித் தோணுச்சோ என்னமோ.

அதைச் சொல்லிட்டு அன்னிக்குச் சாயங்காலமே லீவுல போயிட்டா. அவ தம்பிக்குக் கல்யாணம். எல்லாத்தையும் முன்னாலயே கூப்புட்டிருந்தா, என்னையும்தான். அது இந்தக் கலாட்டாவுக்கு முன்னால. ஆனா ஆபீஸ்ல வேற மாதிரிப் பேசிக்கறாங்க. திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனி அவளைக் கூப்புட்டுட்டே இருக்குதாம். லீவு முடிஞ்சு இங்க வருவாளோ, அப்படியே அங்க போயிருவாளோன்னு. முதலாளி என்னைய ரூமுக்குக் கூப்புட்டு, "மணியண்ணா, அந்தப் புள்ள வரலைன்னா நான் என்ன பண்ணுவன்?"னு கேட்டாரு. அதை எதுக்கு என்கிட்டக் கேக்கோணும்? போனாப் போறா. எனக்கென்னங்க.

இல்லீங்க, அப்படிச் சொல்லக் கூடாது. போனா நல்லா இருக்காது.

நான் பூட்டும் சாவியும் பண்ணிட்டன், தனியாவே. அவளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டன், பூட்டை எப்படிக் குடுக்கறதுன்னு. "மெயில்ல அனுப்புங்க சார், இங்க இருந்தே மாட்டிர்றேன்"னு ஒத்த வரி வந்துச்சு. மெயில்லயாம். அத்தன பேர் முன்னால அப்படி ஆனதுக்கப்புறம் நான் மெயில்ல அனுப்புவனா? என்னையச் சோதிக்கறா. அனுப்புனன்னு வெய்யிங்க, "பாத்தீங்களா, இன்னும் திருந்தலை"ம்பா. அதனாலதான் பென்டிரைவ்ல போட்டுட்டு நேர்லயே கொண்டு போறன்.

என்ன சிரிக்கறீங்க? பூட்டைத் தெருவுல போட்டாலும் ஒன்னும் ஆகாதுங்களா? சாவிதான் பத்திரமா இருக்கோணுமா? ஆமாங்க, நீங்க பூட்டு விக்கறவரு, சொல்லுவீங்க. நாளைக்கு எவனாச்சும் எடுத்துட்டுப் போயி... போயி என்ன பண்ணுவான்? பூட்டை வெச்சுட்டு ஒன்னும் பண்ண முடியாதுதான். சரி, இருந்தாலும் பஸ் ஏறியாச்சு.

அந்தப் பையிலயா? அது கச்சாயம்ங்க, வெல்லம் போட்ட பலகாரம். எங்கூட்டுக்காரி சுட்டுக் குடுத்தா, ஒன்னு எடுத்துக்கங்க. பூட்டுக் குடுக்கப் போற மனுசனுக்கு எதுக்குக் கச்சாயம்னு நானும்தான் கேட்டன். கல்யாண ஊட்டுக்கு வெறுங்கையோட போவாங்களான்னா. நான் கல்யாணத்துக்குப் போகலை, வேலையாப் போறன்னன். அப்ப எதுக்கு வேட்டி எடுத்து வெச்சீங்கங்கறா. இவகிட்ட ஒன்னு பேச முடியாது.

புது பாஸ்வேர்டுங்களா? அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க. சொல்லவே கூடாது. சரி, நீங்க வள்ளியூர்ல எறங்கிப் போயிருவீங்க, உங்களுக்கென்ன. காதைக் குடுங்க. "ஷைனி சொன்னதுதான் சரி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

நீளமா வாக்கியமா வெக்கச் சொன்னாளே, எனக்கு வேற ஒன்னும் வாயில வரலை. தெனமும் காலையில ஒருக்கா அடிக்கறனுங்க. சர்வரைக் கூப்புட்டா சாவிக்குப் பாஸ்வேர்டு கேக்கும், அடிப்பன், பூட்டை இன்னும் மாட்டாததுனால உனக்கு அனுமதி இல்லைன்னு சொல்லும். இருந்தாலும் அடிச்சதும் மனசு லேசாயிருது. அவகிட்டச் சொல்லிப்போட்டாப்புல.

என்னங்க? அவளுக்கு எப்படித் தெரியும்ங்களா? தெரியாம எங்க போகும், தெனமும்தான் அடிக்கறனே...

இல்லீங்க. தெரியாது. அது என்ற மெசினை விட்டு வெளியவே போறதில்லை. அவளே சொன்னா. யாராலயும் பாக்க முடியாது, எத்தன பெரிய திரை வெச்சாலும் வராது. திட்டுனதுதான் வந்துச்சு. இது வராது.

அப்ப அவளுக்குத் தெரிஞ்சது அந்த ஒன்னு மட்டும்தானுங்களே.

வள்ளியூர் எப்ப வரும்ங்க? இன்னும் நேரம் இருக்குதில்லீங்க? அப்ப ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நான் சும்மா வாயில ஒருக்கா சொல்லிப் பாக்கறன். நீங்கதான் ஷைனின்னு வெச்சுக்குவோம். இப்படி மொகத்தைத் திருப்பிக்கங்க, அவ அப்படித்தான் நிப்பா. ம், சொல்றன்.

அம்மிணி, வந்து... நீ சொன்னதுதான்...

சித்த இருங்க. விரலுக்கு வருது, வாய்க்கு வர மாட்டேங்குது. மறுபடியும் சொல்றன், அப்படியே இருங்க.